மேடு தேடும் மனிதர்

சென்னைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் வாரத்தில் பால் பூத்தைத் தேடுவார்கள், தண்ணீர் லாரிக்காரரின் எண்ணைத் தேடுவார்கள். குன்னூரிலிருந்து வரும் நெடுந்தூர ஓட்டக்காரர் மேட்டைத் தேடுவார். பெரும்பாக்கத்து அடுக்குமாடி ஒன்றில் தரகர் காற்றோட்டம், கார் நிறுத்த இடம் என்று அடுக்கிக்கொண்டிருக்கையில், இவர் பால்கனியிலிருந்து எட்டிப்பார்த்து, "இந்த ரோடு எங்கயாவது ஏறுதா?" என்று கேட்பார். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்பதைத்தான் மனிதர் நாசூக்காகக் கேட்கிறார் என்று தரகர் எடுத்துக்கொள்வார். "சொட்டுத் தண்ணி நிக்காது சார், எழுதியே தர்றேன்."

குன்னூரில் அவர் குடியிருந்தது ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில். வாசலை விட்டு இறங்கினாலே ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். பத்து கிலோமீட்டர் ஓடினால் முந்நூறு மீட்டர் ஏறியதாகக் கைக்கடிகாரம் சொல்லும். இங்கே அதே கடிகாரம் அதே பத்து கிலோமீட்டருக்கு ஒன்பது மீட்டர் என்கிறது. அதிலும் பாதி, கட்டடத்தின் அடித்தளத்துக் கார் நிறுத்தத்திலிருந்து வெளியே வரும் சரிவு. செயலியில் ஓட்டத்தின் வரைபடம் இழுத்துக் கட்டிய கொடிக்கயிறாகக் கிடக்கிறது.

புது ஊரின் ஓட்டக் குழுவில் ஞாயிறு லாங் ரன் முடிந்து எல்லாரும் இளநீர் குடிக்கும்போது பேச்சு தானாக நீலகிரிக்குத் திரும்பும். திருப்புவது அவர்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகும் ரயில் பாதையில் சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். ரயிலே பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறுகிறது. "நாங்க சும்மா ஓடுவோம்" என்பார். ரயில் பாதையில் அவர் ஓடியதில்லை என்பது அந்த வாக்கியத்திலிருந்து யாருக்கும் தெரியவராது.

மலையை இழந்ததில் உடலுக்கு நஷ்டம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஏற்றத்தில் கெண்டைக்காலும் பின்பக்கத் தசைகளும் உழைக்கின்றன, இறக்கத்தில் முன்தொடை உழைக்கிறது. வேலை முறை மாறி மாறி வருகிறது. சமதரையில் ஒரே அடி, ஒரே தசை, முப்பது கிலோமீட்டருக்கும் அதே பாட்டு. ஆனால் மனிதரின் உண்மையான துக்கம் வேறு. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று குன்னூரில் ஓடினால், "மலையில்ல?" என்று ஊரே தலையசைக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாக அதே ஏழு நிமிடத்தில் ஓடினால் அதற்கு ஒரு விளக்கமும் கிடையாது. மலை அவருக்குப் பயிற்சிக்களம் மட்டுமல்ல, சாக்கும் கூட.

மாரத்தான் சாதனைகள் எல்லாம் சமதரையில்தானே என்று குழுவில் ஒருவர் ஆறுதல் சொல்லப் பார்த்தார். 2022இல் பெர்லினில் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 9 விநாடி, 2023இல் சிகாகோவில் கிப்டும் 2 மணி 35 விநாடி. இரண்டு ஊரும் தட்டை. நம்மவர் இதற்காகவே காத்திருந்தவர். "ரெண்டு பேரும் எங்க பயிற்சி எடுத்தாங்க? கென்யா மலையில. போட்டிக்கு மட்டும்தான் கீழ இறங்குனாங்க." இளநீர் மட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்ட விதத்திலேயே வழக்கு முடிந்தது தெரிந்தது.

இந்தத் தட்டைத் தரையை மனதாரப் பாராட்டியவர் சரித்திரத்தில் ஒருவர் உண்டு. இந்தியாவை அளக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது இங்கேதான். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை, நூறு அடி எஃகுச் சங்கிலியைப் பிடித்து, ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்கு நில அளவைக்கான அடிக்கோட்டை அளந்தார். மேடுபள்ளம் அதிகமில்லாத தரை வேண்டும், இரு முனையிலும் நின்று பார்க்க ஓர் உயரம் வேண்டும்; இரண்டும் இங்கே அமைந்தன. இதைப் படித்தபோது நம்மவர் தரையை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். மறுநாள் விடியும் முன்பே ஸ்கூட்டரில் பரங்கிமலை அடிவாரம். ஏறத்தாழ 300 அடி. பத்து முறை ஏறினால் மூவாயிரம் என்று மனக்கணக்கு. ஆறாவது தடவை மூச்சிரைக்க மேலே வந்தவரைத் தேவாலயத்துக்கு வந்திருந்த ஒரு பாட்டி கைப்பிடித்து நிறுத்தினார். "என்ன வேண்டுதல்னு தெரியல, தம்பி. ஆனா நிச்சயம் நடக்கும்."

மேம்பாலங்களையும் அவர் விடவில்லை. மேடவாக்கத்துப் பாலம் இரண்டு கிலோமீட்டர் நீளம் என்று நாக்கில் எச்சில் ஊறப் போனார். நடப்பவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ரோந்துக் காவலர் மரியாதையாகக் கீழே இறக்கிவிட்டார். பிறகு கடற்கரை. ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் பெர்சி செருட்டி, போர்ட்சீயின் மணல்மேடுகளில் ஓடவிட்டுத் தயாரித்த ஹெர்ப் எலியட், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். நம்ம ஊர்க் கடற்கரையில் மணல் தாராளம், மேடு கிடையாது. ஆனாலும் கால் புதையும் மணலில் அரை மணி நேரம் ஓடினால் கெண்டைக்கால் குன்னூரை நினைத்துக்கொள்கிறது. ஷூவுக்குள் புகுந்த மணல் வீட்டுக்கு வந்து சேர்கிறது. வீட்டு அம்மாவின் கருத்து அச்சுக்கு ஏற்றதல்ல.

இடையில் சென்னையே ஒரு சாக்கைக் கொடுத்து உதவியது: புழுக்கம். குளிர்ச்சியாக இருக்கும் என்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். வியர்வை வழிகிறது, உலர்வதில்லை. உலர்ந்தால்தான் உடம்பு தணியும். தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே ஓட, இதயம் கூடுதலாக அடித்துக்கொள்கிறது. "ஹியுமிடிட்டி" என்ற சொல்லை அவர் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லத் தொடங்கினார். சுமார் இரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும் என்று விளையாட்டு மருத்துவம் சொல்கிறது. அவர் உடம்பு பழகிய பின்னும் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை.

கடைசிப் புகலிடம் மாடிப்படி. பாஸ்டன் மாரத்தானில் 32ஆவது கிலோமீட்டருக்கு மேல் வருகிற, ஓட்டக்காரர்களின் நெஞ்சை உடைப்பதற்கென்றே பேர்வாங்கிய ஏற்றம், மொத்தமாக 27 மீட்டர்தான். மாடிக்கு மூன்று மீட்டர் என்றால் ஒன்பது மாடி. அவர் குடியிருக்கும் கட்டடத்தில் பத்து மாடி இருக்கிறது! கணக்கு முடிந்த அன்றே படியேற ஆரம்பித்தார். முழங்காலுக்கு நல்லதல்ல என்று யாரோ சொன்னதால் இறங்குவதற்கு லிஃப்ட். வியர்வை சொட்டச் சொட்ட லிஃப்டிலிருந்து வெளியே வந்து மறுபடி படிக்கட்டுக்குள் நுழைகிறவரைக் காவலாளி மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் பொறுக்க முடியவில்லை. "சார், லிஃப்ட் மேலயும் போகும் சார்."

இத்தனையும் சதாராவுக்காக. மகாராஷ்டிரத்தில் 2012 முதல் நடக்கும் மலை அரை மாரத்தான் அது. யவதேஷ்வர் மலைப்பாதையில் பாதித் தூரம் ஏறி, வந்த வழியே இறங்க வேண்டும். நம்மவர் அபாரமாக ஏறினார். சமதரைக்காரர்கள் என்று நினைத்தவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று தாண்டினார். திரும்பும் இடம் தாண்டி ஒரு மைல் ஆகுமுன்பே முன்தொடைகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. இறக்கத்தில் அந்தத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தையும் தாங்க வேண்டும். நார்கள் நைந்துபோவது அங்கேதான். பாஸ்டனில் அந்த மேடு ஆளைக் கொல்வதற்கும், அதற்கு முந்தைய நீண்ட இறக்கங்களில் தொடை ஏற்கெனவே தீர்ந்துபோயிருப்பது ஒரு காரணம். மாதக்கணக்காக அவர் ஏறியிருக்கிறார். இறங்கியதெல்லாம் லிஃப்ட்.

முன்பு தாண்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராக "வாங்க, வாங்க" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊர் திரும்பியபோது ரயில் நிலையப் படிக்கட்டில் அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கியதைப் பார்த்து ஒரு குழந்தை கைதட்டியது.

இப்போது முறையை மாற்றிவிட்டார். லிஃப்டில் பத்தாவது மாடிக்குப் போகிறார், படியில் ஓடி இறங்குகிறார், மறுபடி லிஃப்ட். போன வாரம் காவலாளி அசோசியேஷன் செயலாளரைத் தனியே அழைத்து, அந்த சாருக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்திருக்கிறார்.