பாட்டியையும் கூட்டி வாருங்கள்

நாய்ப் பயிற்சியாளர் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒரு தகவல்: நாய் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடும். பாடாய்ப் படுத்துவது வீட்டுக்காரர்கள்தான்.

வித்தை ரொம்பச் சின்னது. உட்காரச் சொல்கிறோம், உட்காருகிறது. அந்த நொடியே ஒரு துண்டு கோழி ஈரல். கொஞ்சம் தாமதித்தாலும் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. ஆனால் வீட்டில் நடப்பது வேறு. சோபாவில் ஏறியதை சார் அதட்டுவார். "பாவங்க, குழந்தை அது" என்று மேடம் நகர்ந்து இடம் கொடுப்பார். பாட்டி மேசைக்கடியில் நெய் தடவிய இட்லியை நீட்டுவார். யார் பேச்சைக் கேட்டால் லாபம் என்று கணக்குப் போட்டு நாய் இட்லிப் பக்கம் சாய்ந்துவிடும். (கட்சி மாறுகிறவர்களுக்கும் இதே பாடத்திட்டம்தான்.)

சென்னையின் மே மாதத்தில் சைபீரியன் ஹஸ்கியை வைத்துக்கொண்டு, "சொன்ன பேச்சே கேட்க மாட்டேங்குது சார்" என்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவை ஏசி மெக்கானிக்.

நாய்க்கு எச்சில் ஊறுவதை ஆராய்ந்த பாவ்லோவ், 1904-ல் நோபல் வாங்கியதென்னவோ செரிமான ஆய்வுக்கு. அவர் ஆய்வுக்கூடத்தில் இட்லி நீட்ட ஆளில்லை, கொடுத்துவைத்தவர்.

ஆகவே நாய்களின் பெற்றோர்களே, பயிற்சிக்கு நாயை மட்டும் அனுப்பாதீர்கள். பாட்டியையும் கூட்டி வாருங்கள். தனிக் கட்டணம் கிடையாது.