இடது ஸ்பீக்கர் ஊமையான கதை

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையரில் இடது ஸ்பீக்கர் ஊமையாகி ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிய வந்தது. காரணம், என் மாமியார். காலையில் பாட்டுப் போடுவது அவர்தான். போடுவதெல்லாம் ‘பாசமலர்’ காலத்துப் பாட்டு. 1961-இல் சினிமாப் பாட்டென்றால் மோனோதான். இரண்டு ஸ்பீக்கரிலும் அதே சத்தம்தான் வரும். ஒன்று செத்தாலும் மற்றது முழுப் பாட்டையும் ஒற்றை ஆளாகப் பாடி முடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நான் இளையராஜாவைப் போட்டேன். பல்லவி முடிந்தது, இடையிசை வந்தது. தபேலா இருக்கிறது. வயலின் கோஷ்டியைக் காணோம்.

“அத்தை, இடது பக்கம் பாடவே இல்லையே, கவனிக்கலையா?”

“எனக்கு நல்லாத்தானே மாப்ளே கேக்குது.”

கடையில் கொடுத்திருக்கலாம். ஆனால் என்னிடம் முப்பத்திரண்டு முனைகள் கொண்ட ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று இருக்கிறது. அது கைவசம் இருக்கும் ஆண்மகன் கடைக்குப் போவதில்லை.

துப்பறிவதற்கு ஒரு முறை உண்டு. பின்பக்கம் சிவப்புப் பின் வலது, வெள்ளைப் பின் இடது. ஆம்ப்ளி பக்கம் மட்டும் இரண்டையும் மாற்றிச் செருக வேண்டும். ஊமை மறுபக்கம் தாவினால் குற்றவாளி ஒயர் அல்லது பிளேயர். தாவாவிட்டால் ஆம்ப்ளி அல்லது ஸ்பீக்கர். மாற்றினேன். இரண்டும் பாடின. திரும்ப மாற்றினேன். அப்போதும் இரண்டும் பாடின. வெற்றிக் களிப்பில் ஆம்ப்ளியைச் சுவரோரம் தள்ளினேன். இடது நின்றது. இழுத்தேன், பாடியது. தள்ளினேன், நின்றது. இப்படியே ஒரு கால் மணி நேரம், ஆட்டுக்கல் சுற்றுவதுபோல.

லூஸ் கனெக்‌ஷன்! வெள்ளைப் பின்னைப் பிடித்து லேசாக ஆட்டினேன். வீடு அதிர, ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். அதன் ரகசியம் எனக்குத் தெரியும். இந்தப் பின்னில் நடுக்குச்சிதான் முதலில் உள்ளே போகும், வெளி வளையம் பிறகுதான் தொடும். எண்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க ரேடியோ கம்பெனி டிசைன். அதில்தான் இந்தக் கோளாறு. வளையம் சரியாகத் தொடாவிட்டால் கிரவுண்டு கிடையாது. வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அழுகை முழுவதும் ஸ்பீக்கருக்குள் குடியேறிவிடும். இதை நான் மாமியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, “ஓங்காரம் மாதிரி இருக்கு மாப்ளே, இப்படியே விட்டுடுங்க” என்றார்.

விடவில்லை. வெளி வளையம் பூவிதழ்போல நாலாகப் பிளந்திருக்கும். குறட்டால் மெல்ல நெருக்கினால் பிடிமானம் வரும். நெருக்கினேன். அதிகம் நெருக்கிவிட்டேன், உள்ளே போகவில்லை. விரித்தேன். ஓர் இதழ் கையோடு வந்தது.

புதுப் பின் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். “மெட்டலா, பிளாஸ்டிக்கா சார்?” என்றார் கடைக்காரர். சந்தேகமென்ன, மெட்டல்; அதுவும் தங்க நிறம். கூடவே 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், பேஸ்ட். பழைய ஒயரை அப்படியே தூக்கி எறிந்து புது ஒயர் வாங்கியிருந்தால் இதில் நாலில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. அதை அவர் சொன்னார். எனக்குத்தான் காது அடைத்திருந்தது.

சால்டரிங்கில் ஒரு நுணுக்கம்: அயர்னால் ஈயத்தைச் சுடக் கூடாது, செம்பைச் சுட வேண்டும், ஈயம் தானாக உருகி ஓடிப் பிடித்துக்கொள்ளும். சரியாக அமைந்தால் பாதரசத் துளிபோல மினுக்கும். தவறினால் சாம்பல் பூத்துக் கிடக்கும். எனக்கு நாலாவது முறை மினுக்கியது. புகை எழுந்தது. “ஏங்க, யாரு சாம்பிராணி போட்டது?” என்று சமையலறையிலிருந்து குரல். பெருமையோடு நிமிர்ந்தபோது பார்வை மேஜைமேல் விழுந்தது. தங்க நிற மூடி அங்கே தனியாக உட்கார்ந்திருந்தது. மூடியை ஒயரில் கோத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்த பிறகு எந்த வழியாகவும் நுழையாது. உருக்கிப் பிரித்தேன். மூடியைக் கோத்தேன். மறுபடி பற்றவைத்தேன். பிரமாதம். மூடி தலைகீழாக இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு முறைப்படி எல்லாம் முடிந்தது. செருகினேன். இரண்டும் பாடின. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆம்ப்ளியைச் சுவரோரம் தள்ளினேன்.

இடது நின்றது.

அப்படியானால் பின்னில் குற்றமில்லை. அது போய் உட்காரும் சாக்கெட்தான் உள்ளே போர்டில் விரிசல் விட்டு ஆடுகிறது. பெட்டியைத் திறந்து அதைப் பற்றவைக்க வேண்டும். டார்ச்சோடு மேஜைக்கு அடியில் புகுந்து ஒயரைக் கழற்றும்போது, தரையில் எட்டாக மடித்த பஸ் டிக்கெட் ஒன்று கிடைத்தது. தேதி பார்த்தால் ஆறு வருஷம் முந்தையது. பின்னின் அடியில் முட்டுக் கொடுக்கச் சொருகியது என்று மடிப்பிலிருந்த பள்ளமே சொன்னது. போன மாதம் ஆயுத பூஜைக்கு ஆம்ப்ளியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். குங்குமம் இன்னும் வால்யூம் திருகில் இருக்கிறது. டிக்கெட் அப்போது விழுந்திருக்க வேண்டும்.

“எந்த மேதாவி பார்த்த வேலை இது? மூவாயிர ரூபாய் சாமானுக்குப் பஸ் டிக்கெட் முட்டாம்!” என்று அதை மனைவியிடம் நீட்டினேன். அவள் பிரித்து, பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தாள்.

“‘வெள்ளைப் பின்னுக்கு அடியில் வைக்கவும். எடுக்காதே.’ ஏங்க, உங்க கையெழுத்துல்ல இது?”

வாங்கி மடித்தேன், சொருகினேன். சுவரோரம் தள்ளினேன். வயலின் கோஷ்டி முழுசாக வந்து சேர்ந்தது. மாமியாருக்கு மட்டும் ஒரு குறை: அந்த ஓங்காரம் போய்விட்டதாம்.