சித்திரப் பாடவேளையில் கணக்கு

ஐந்தாம் தரத்துப் பிள்ளைக்கு இரண்டு நேரசூசி உண்டு. ஒன்று கொப்பியின் முதல் பக்கத்தில், கலர் பேனையால் கோடு போட்டு அழகாக இருக்கும். தமிழ், கணிதம், சமயம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம், சித்திரம், உடற்கல்வி என்று எல்லாருக்கும் அதில் இடமிருக்கும். மற்றது, வகுப்பில் நடப்பது.

1999இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நாடு முழுக்க வந்தபோது, நேரத்தைப் பங்கிட நல்லதொரு வழி சொன்னார்கள். முதல் இரண்டு தரங்களில் விளையாட்டு கூட. அடுத்த இரண்டில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றும் ஏறக்குறைய சமம். ஐந்தில் எழுத்துவேலை கூட. விளையாட்டைக் குறைக்கத்தான் சொன்னார்கள். நாங்கள் அதை ஒரேயடியாக அனுப்பிவைத்துவிட்டோம்.

காரணம் புலமைப்பரிசில் பரீட்சை. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. அதில் படம் கீறினாலும் பந்தெறிந்தாலும் ஒரு புள்ளியும் விழாது. ஆகவே சித்திரப் பாடவேளையில் கணக்கு, உடற்கல்வியில் நுண்ணறிவு. எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் நுழையும்போது வள்ளங்கள் ஒதுங்குவதுபோல், கணிதம் வந்தால் மற்றதெல்லாம் கரையோரம்.

சுற்றாடல் தப்பியது, அதற்குப் புள்ளி இருப்பதால். கடற்காற்று பக்கத்தைப் புரட்ட, பிள்ளைகள் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு கடலைப் பற்றிப் படிக்கிறார்கள். ரியூசனில் ஒரு மாதிரி வினாத்தாள் கொடுத்தார்கள். 'மான் வாழும் இடம் எது?' விடைகளில் காடும் இருந்தது, நகரமும் இருந்தது. என் மகள் நகரத்தின் கீழ் கோடிட்டாள். பிழை!

"அப்பா, பஸ் ஸ்ராண்டடியில படுத்திருக்கிறது மான்தானே?"

மான்தான். நேற்றும் ஒன்று மரக்கறிக்கடை வாசலில் நின்று கோவா இலை தின்றதை நானே கண்டேன். கடைக்காரர் "போ, போ" என்று கலைத்தார். அது அவரையும் ஒருதரம் பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போனது. காட்டுக்குப் போகிற யோசனை அதன் முகத்தில் தெரியவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் எழும்பி, "கிழமையில ஒருநாளாவது பிள்ளைகளை விளையாட விடலாமே" என்றேன். மண்டபம் அமைதியானது. முன்வரிசை அம்மா ஒருவர் இரக்கத்தோடு திரும்பிக் கேட்டார்:

"உங்கட மகள் எத்தனை புள்ளி எடுக்கிறா?"

"நல்லாத்தான் எடுக்கிறா," என்றேன். "போன கிழமைதான் ஒரு மானாலே ரெண்டு புள்ளி போட்டுது."