மாமா தலைமையிலான வல்லுநர் குழு

பெற்றோர் ஒருவருக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை என்று முடிவானதும், தமிழ்க் குடும்பங்களில் முதலில் கூடுவது பெரிய மாமாவின் தலைமையிலான வாட்ஸ்அப் குழு. அறுவை, கதிர்வீச்சு, நோய்க்கூறியல் நிபுணர்கள் ஒன்றாக அமர்ந்து ஒரு நோயாளிக்கு எந்தச் சிகிச்சை எந்த வரிசையில் என்று தீர்மானிக்கும் 'டியூமர் போர்டு' அதற்குப் பின்னரே, அதுவும் எவருக்கேனும் தெரிந்திருந்தால், நினைவுக்கு வருகிறது. திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதப்படும் பயாப்ஸி அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் எவரும் படிப்பதில்லை. ஆயினும் எந்த மருத்துவமனை என்று முடிவுசெய்ய, அங்கே கார் நிறுத்த இடம் உண்டா, கேண்டீனில் காபி எப்படி, உடன் தங்குபவருக்கு ஏசி உண்டா என்பவை ஐயந்திரிபற ஆராயப்படுகின்றன.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, "கூட்டம் அதிகம்" என்ற ஒரே காரணத்தால் தள்ளப்படுகிறது. கூட்டம் ஏன் அதிகம் என்று கேட்பவர் சின்ன மருமகள் என்பதால் அக்கேள்வி அவைக்குறிப்பில் ஏறுவதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையை முன்மொழிபவரோ, தமக்கு லீவு கிடைக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

கணையம், உணவுக்குழாய் போன்ற உறுப்புகளின் கடினமான அறுவைகளை மிகுதியாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் குறைவு என்பது பல நாட்டு ஆய்வுகள் கண்டது. ஆகவே, இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்பதே முதலில் கேட்கத்தக்கது. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்பது மாமாவின் தீர்ப்பு. நோயாளியின் விருப்பமும் கேட்கப்படுவதில்லை. நோயின் பெயரே அவருக்கு இன்னும் சொல்லப்படவில்லை.