கட்டிப்பிடித்தால் கீச்!

கேள்வி: என் இரண்டு வயது மகள் காது கேட்கும் கருவி போட்டிருக்கிறாள். தூக்கி அணைத்தால் கருவி கீச்சிடுகிறது. பழுதா? சைகை பழக்கினால் பேச்சு வராது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு தாய், பேலியகொடை

பதில்: பெரும்பாலும் பழுது இல்லை, அம்மா. கருவி பெருக்கிய ஒலி கசிந்து, உங்கள் தோளில் பட்டு, அதன் மைக்குக்கே திரும்பி மறுபடி பெருகுகிறது. கட்டுப்பாட்டுப் பொறியியலாளர்கள் இதைப் பின்னூட்டம் என்பார்கள். இன்றைய கருவிகள் அந்த ஒலியைக் கணித்துக் கழித்துவிடும். அதையும் மீறிக் கீச்சிட்டால், பிள்ளையின் காது வளர்ந்து, காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கலாம். கிளினிக்கில் புது அச்சு எடுக்கச் சொல்லுங்கள். மாற்ற வேண்டியது அச்சை, அணைப்பை அல்ல!

கருவி இவ்வளவு சிறிதானதற்குத் திடப்பொருள் இயற்பியலுக்கு நன்றி. 1947இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், கடைக்கு வந்த வானொலிகளையும் முந்திக்கொண்டு 1952இலேயே காது கேட்கும் கருவிக்குள் குடியேறியது.

சைகை பேச்சுக்குப் பகை இல்லை. கண் வழியே வந்தாலும் மொழி மொழிதான். சிறு வயதில் அது தாமதிப்பதுதான் ஆபத்து. வளர்ந்ததும் படிக்க இடமும் இருக்கிறது: இரத்மலானையில் 1912 முதலே செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குப் பாடசாலை உண்டு. வடக்கே கைதடியில் நுஃபீல்ட் பாடசாலை. காதுக்குக் கருவி கொடுங்கள், கைக்கு மொழி கொடுங்கள். எதில் முதலில் "அம்மா" என்பாள் என்பதை மகளே முடிவு செய்யட்டும்.