சாரற்கால விளக்கு விசாரணை

தர்க்க சாஸ்திரம் பயில்வோர்க்கு முதற் பாடமாக வைக்கப்படுவது, மலையிலே புகை தென்படுகிறது, ஆகவே அம்மலையிலே நெருப்பு உண்டு என்னும் அனுமானம். இதனை வகுத்த பெரியோர்கள் ஓர் ஆனி மாதத்துக் காலையில் தென்காசிக்கு எழுந்தருளி, காசி விசுவநாதர் கோபுர வாசலில் காற்று வாங்கியபடி மேற்கே நோக்கியிருப்பார்களாயின், திரிகூடமலை அடிமுதல் முடிவரை புகைந்துகொண்டிருக்க, நெருப்போ டீக்கடை அடுப்புகளில் மட்டும் எரிவது கண்டு, வேறோர் உதாரணத்தைத் தேடிப் போயிருப்பார்கள். மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் ஆரியங்காவுக் கணவாயினூடே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து, மழை மறைவில் வறண்டு கிடக்க வேண்டிய கீழ்ச்சரிவையும் நனைத்துவிடுவதால் உண்டாகும் இந்தப் பொய்ப்புகைக்குள் கார் ஓட்டிப் போகும் கிருகஸ்தன், தன் பம்பரில் எவ்வகை விளக்கைப் பூட்டிக்கொள்ளல் தகும் என்பதே ஈண்டு விசாரணை. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்தின் குரங்கையும் குறத்தியையும் பாடினார், ரசிகமணி டி.கே.சி. அங்கேயே வாசம் செய்து கவிதையை அனுபவித்தார். பம்பரைக் குறித்து இருவருமே மௌனம் சாதித்துவிட்டபடியால் இக்கட்டுரை அவசியமாயிற்று.

இவ்விஷயத்தில் வழங்கும் மதங்களுள் பிரதானமானவை இரண்டு. மஞ்சளே மூடுபனியைப் பிளக்கும் என்பது பீத மதம். வெள்ளையே எதையும் காட்டும் என்பது சுவேத மதம். இரண்டுக்கும் ஆசாரியர் உதிரிபாகக் கடை அண்ணாச்சியே. வந்தவர் முகத்தைப் பார்த்து, “மஞ்ச போடுங்க அண்ணாச்சி, சாரல வெட்டிக்கிட்டுப் போவும்” என்று ஒருவருக்கும், “இப்பல்லாம் எல்.இ.டி. வெள்ளதான் அண்ணாச்சி, பகல் மாதிரி இருக்கும்” என்று அடுத்தவருக்கும் அவர் உபதேசிக்கும் சமரச பாவம் வேறெந்த மதாசாரியரிடமும் காணற்கரியது.

பீத மதத்தார் காட்டும் பிரமாணம் முற்றிலும் அற்பமானதன்று. காற்றிலுள்ள மிக நுண்ணிய அணுத்திரள்கள் நீல ஒளியையே அதிகமாகச் சிதறடிக்கின்றன என்று 1871-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டியதிலிருந்து, நீலம் நீங்கிய மஞ்சள் ஒளி சிதறாமல் ஊடுருவிப் போகும் என்று அவர்கள் அனுமானிக்கிறார்கள். பிரெஞ்சு தேசத்தாரோ 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1990-களின் தொடக்கம் வரையில் கார்களின் முகவிளக்குகள் மஞ்சளாகவே இருத்தல் வேண்டும் என்று சட்டமே வைத்திருந்தார்கள். ஆயினும், ராலேயின் கணக்கு ஒளியலையைவிட மிகச் சிறிய துகளுக்கே பொருந்தும். ஒளியலையின் நீளமோ ஏறக்குறைய அரை மைக்ரான், மூடுபனித் துளியின் குறுக்களவோ பத்து மைக்ரானையொட்டியும் அதற்கு மேலும் போவது. இவ்வளவு பெரிய துளி எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும் என்பது 1908-இல் குஸ்தாவ் மீ எழுதிய சித்தாந்தத்தால் விளங்கும். மஞ்சளினால் கண்கூச்சம் சற்றே தணியக்கூடும் என்பதற்கு மேல் பீத மதத்தாருக்கு நாம் விட்டுக்கொடுக்க இயலாது.

அப்படியாயின் சுவேத மதம் வென்றதோ எனில், அதுவும் இல்லை. உண்மையில் விளக்கின் குணம் அதன் நிறத்தில் இல்லை. ஒளி விழும் உருவத்திலும் விளக்கு அமரும் உயரத்திலும் இருக்கிறது. நல்ல மூடுபனி விளக்கின் ஒளி, மேல்விளிம்பு கத்தரித்தாற்போல் நின்று, இருபுறமும் அகலமாக விரிந்து, தரையோடு தரையாகப் பரவிச் சாலையோரத்து வெள்ளைக் கோட்டைக் காட்டும். மேலே எழும்பும் ஒளியெல்லாம் துளிகளில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பிவிடும். கடையில் நடக்கும் பரீட்சையோ இதற்கு நேர்விரோதமானது. பட்டப்பகலில், மேசைமேல் கிடக்கும் பழைய பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் இரண்டு வயர்களைத் தொட்டு, எதிர்ச்சுவரில் தொங்கும் நாட்காட்டியின் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சி, முருகன் முகம் தெரியாதபடி சுவர் வெளுத்துப்போனால் சரக்கு முதல்தரம் என்று வாங்குபவரும் விற்பவரும் ஏககாலத்தில் தீர்மானிக்கிறார்கள். புளியரைக்கு மேலே எஸ் வளைவில் மேகம் இறங்கி வண்டியை மறிக்கும்போது, அந்த மேகமும் அவ்வாறே வெளுத்துப்போகும்; அதற்கப்பால் வரும் லாரி, நாட்காட்டி முருகனைப் போலவே தெரியாது போகும்.

அந்த வளைவைத் தாண்டாதவர்க்கு இவ்விளக்கு எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஆயிரம் மீட்டருக்கு அப்பாலுள்ளதைக் காணவொட்டாமல் தடுப்பதையே வானிலை நூலார் மூடுபனி என்பார்கள். தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குப் போகிறவர் சந்திப்பதோ பெரும்பாலும் சாரல். அதில் கண்ணை மறைப்பது கண்ணாடியின் வெளியே வழியும் நீரும், ஈரத்துண்டோடு உள்ளே ஏறிய ஆறு பேரின் மூச்சினால் கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவியுமே. அருவிக்கரை நெடுக எண்ணெய் தேய்த்த தலையோடு சாலையைக் கடப்பவர்களை, வைப்பர் ரப்பர் தேய்ந்துபோன வண்டியில் எந்த விளக்கும் காட்டித் தராது. அந்த ரப்பர் அதே கடையில் ஒரு மூலை ஆணியில் சொற்ப விலைக்குத் தொங்குகிறது, ஏ.சி.யைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிவிட்டால் ஆவி கலைந்துபோவதற்குத் தனிச்செலவும் இல்லை.

மூன்றாவதாக அலங்கார மதம் ஒன்றுண்டு. இதன் அநுயாயிகள், பங்குனி வெயில் ஓய்ந்து நட்சத்திரங்கள் தெளிவாக மின்னும் இரவிலும், திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் எண் நெடுஞ்சாலை முழுவதும் நான்கு விளக்கும் எரிய வருபவர்கள். இவர்களுக்கு மூடுபனி என்பது ஒரு நிமித்தமேயன்றிக் காரணமன்று. எதிரே வருபவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிம் அடித்துக் கெஞ்சுவதை இவர்கள் நமஸ்காரமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

எம் நிர்ணயம்: மலையேறுபவர், மஞ்சளோ வெள்ளையோ மனத்துக்கு உகந்ததை, மேல்விளிம்பு சரியாக வெட்டியதா என்று பார்த்து வாங்கி, ஹெட்லைட்டுக்குக் கீழே எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திப் பூட்டிக்கொள்ளலாம். பூட்டிய பின்னும், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி வினாடிக்குப் பதினோரு மீட்டரை விழுங்கும் என்பதும், இவ்விளக்கு காட்டுவது வண்டிக்கு அண்மையிலுள்ள தரையை மட்டுமே என்பதும் கருதி, காலைச் சற்று பிரேக்கின் பக்கமே வைத்திருத்தல் வேண்டும். தனிச் சுவிட்சும் ரிலேயும் வைத்துத் தரும்படி எலெக்ட்ரீஷியனிடம் வற்புறுத்துவது உசிதம். ஹெட்லைட் வயரிலேயே சேர்த்துவிட்டால் செலவு மிச்சம் என்று அவர் சொல்வார், கேட்கலாகாது.