பேர் போன கதை

ஆவடியில் மிளகாய்த்தூள் அரைத்துப் பாக்கெட் போடுகிற அண்ணாச்சி, நீங்கள் செய்த முதல் குற்றம் நல்ல தூளாக அரைத்தது. மட்டமாக அரைத்திருந்தால் உங்கள் பெயரைத் திருட எவனும் வந்திருக்க மாட்டான். இப்போது பட்டாபிராமில் ஒருவன் அதே சிவப்புக் கவரில், பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி விற்கிறான் என்று குதிக்கிறீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டைப் பாருங்கள். 1964-இலிருந்து லேத் ஓட்டுகிற பூமி. பாதிப் பேர் ஜாப் ஒர்க். அடிக்கிற பாகத்தில் எவனோ ஒருவன் முத்திரை விழும், கூலி மட்டும் நமக்கு. சொந்தமாகப் பெயர் வைத்தால்தானே தொல்லை?

வைத்துவிட்டீர்கள், சரி. சட்டம் இருக்கிறது, பதறாதீர்கள். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். கிண்டி சிட்கோ எஸ்டேட்டில் அதற்கென்று அலுவலகமே இருக்கிறது. உலகத்தில் விற்கக்கூடிய அத்தனையையும் 45 வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மிளகாய்த்தூள் 30-ஆம் வகுப்பு. ஊறுகாயும் போட்டால் அது 29. கடை நடத்தினால் 35. வகுப்புக்கு வகுப்பு தனிக் கட்டணம். ஆன்லைனில் போட்டால் 9,000 ரூபாய். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் இரக்கப்பட்டு 4,500. பத்து வருஷம் கழித்துப் புதுப்பிக்கப் போகும்போது அந்த இரக்கம் இருக்காது, எல்லாருக்கும் 9,000தான். ஏறும்போது அரை டிக்கெட், உட்கார்ந்து பயணம் செய்ய முழு டிக்கெட்.

ஸ்டார்ட்அப் என்றதும் கண்ணை விரிக்காதீர்கள், அது நீங்கள் இல்லை. வருஷத்துக்குத் தொண்ணூறு கோடிக்கு விற்கிற பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஸ்டார்ட்அப் ஆகலாம். அதற்கு விண்ணப்பம் எழுதித் தருகிறவருக்கு அரசாங்கமே கூலி கொடுக்கும், 2016 முதல் அப்படி ஒரு திட்டம். தனி ஆளாக மாவு மில்லும் கடையும் நடத்துகிற உங்களுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. உங்கள் வக்கீலுக்கு நீங்களே அழுங்கள்.

‘மூன்றே நாளில் டிரேட்மார்க்’ என்று ஒருவன் போன் செய்வான். மூன்று நாளில் அவன் தருவது விண்ணப்ப எண். பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக ‘டி.எம்.’ போட்டுக்கொள்ளுங்கள் என்பான். அதைப் போட எவன் அனுமதியும் வேண்டாம், காசும் வேண்டாம். அவன் பில்லில் மட்டும் அதற்கு விலை இருக்கும். ஆசைப்பட்டு வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்டுவிடாதீர்கள். பதிவாகாமல் அதைப் போட்டால் மூன்று வருஷம் வரை சிறை என்று 2024 வரை இருந்தது, இப்போது அபராதம். உங்கள் சின்னத்தைத் திருடிப் போடுகிறவனுக்கும் அதிகபட்சம் அதே மூன்று வருஷம்தான். அதுவரை சட்டத்தின் முன் அனைவரும் சமம், அண்ணாச்சி.

பதிவகத்தின் பரிசோதகர் ஆட்சேபம் தெரிவித்தால் ஒரு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். அதைத் தாண்டி ஜர்னலில் பெயர் வந்தால், நான்கு மாதத்துக்குள் எவன் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்க்க 2,700 ரூபாய். ஒரு பெரிய மசாலா கம்பெனிக்கு அது மீட்டிங் டீ செலவு. பதில் சொல்ல உங்களுக்கும் 2,700, அதற்குமேல் வக்கீல். இரண்டு மாதத்தில் பதில் போகாவிட்டால் விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாக எழுதி மூடிவிடுவார்கள். 2016 மார்ச்சில் பதிவகம் இந்த ‘கைவிட்டார்’ முத்திரையை நாடு முழுக்க லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் மேல் சில நாட்களில் குத்தித் தள்ளியது. ஆட்சேபக் கடிதமே எங்களுக்கு வரவில்லை, பதில் போட்டும் பார்க்கவில்லை என்று விண்ணப்பித்தவர்கள் கத்தினார்கள்; ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. நீங்கள் ஒரு மாதம் தவறினால் கைவிட்டவர். பதிவகத்தார் வருஷக்கணக்கில் கோப்பைத் தொடாமல் வைத்திருந்தால் அதற்குப் பெயர் நிலுவை.

இத்தனையையும் தாண்டிப் பதிவும் வாங்கிவிட்டீர்கள் என்றே வைப்போம். சென்னையில் ஆருத்ரா இன்ஜினியர்ஸ் என்று ஒரு கம்பெனி, உங்களைவிட ஒழுங்கான ஆட்கள். ஆலைகளின் இயந்திரங்களை அமிலம் விட்டுக் கழுவும்போது இரும்பு அரிக்காமல் காக்கிற ரசாயனத்துக்கு 1993-இலேயே ‘கொரோனில்-92பி’, ‘கொரோனில்-213 எஸ்.பி.எல்.’ என்று பதிவு செய்து, தவறாமல் புதுப்பித்தும் வந்தவர்கள். 2020 ஜூனில் பதஞ்சலி கம்பெனி கொரோனாவை வைத்துக் ‘கொரோனில்’ என்று மாத்திரை இறக்கியது. பதிவேட்டைத் தட்டிப் பார்த்திருந்தால் இந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்கும். ஆகஸ்ட் 6-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சி.வி. கார்த்திகேயன் தடை விதித்தார். தாங்கள் பத்தாயிரம் கோடி ரூபாய்க் கம்பெனி என்று பதஞ்சலிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டதைத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார். பத்து லட்சம் ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொன்னார், அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பாதி, அரும்பாக்கம் அரசு யோகா மருத்துவக் கல்லூரிக்குப் பாதி.

பட்டாசு வாங்க ஓடாதீர்கள். எட்டே நாளில் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. ஆருத்ரா உச்ச நீதிமன்றம் போனது. ஏதோ பூச்சிக்கொல்லிக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்பதற்காகத் தொற்றுக் காலத்தில் ‘கொரோனில்’ என்ற சொல்லைத் தடுத்தால் அது அந்தப் பொருளுக்குப் பெரும் கேடாகிவிடும் என்கிற கருத்து அங்கே அமர்விலிருந்து வந்தது. இருபத்தேழு வருஷமாகப் பதிவில் இருந்த பெயர், அது என்ன பொருளின் பெயர் என்பதுகூட மேலே போகும் வழியில் தொலைந்துவிட்டது! 2021 பிப்ரவரியில் டிவிஷன் பெஞ்ச் முதல் தீர்ப்பையே ரத்து செய்தது. நீ பதிந்தது எண்ணும் எழுத்தும் சேர்ந்த முழு லேபிளை, ‘கொரோனில்’ என்ற தனிச் சொல்லை அல்ல; உன் சரக்கு வேறு, மாத்திரை வேறு. வேறு வகைச் சரக்கில் பெயரை எடுத்தவனைத் தடுக்க வேண்டுமென்றால், உன் சின்னத்துக்கு இந்தியாவில் புகழ் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 29-ஆம் பிரிவு.

சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். யாருக்காக எழுதிய சரி அது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அனல்மின் நிலையத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் சரக்கு விற்கிறவன் டி.வி.யில் விளம்பரமா கொடுப்பான்? புகழ் இல்லாதவனுக்குத்தானே பாதுகாப்பு தேவை? புகழ் உள்ளவன் பெயரைத் தொட்டால் நாலு மாநிலத்தில் வக்கீல் நோட்டீஸ் பறக்குமே!

அந்தப் புகழுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். 2017 விதிகளின்படி உங்கள் சின்னத்தை ‘நன்கறியப்பட்ட சின்னம்’ என்று பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனுப் போடலாம். விற்றுமுதல் கணக்கு, விளம்பரச் செலவு எல்லாம் ஆதாரமாக இணைக்க வேண்டும். கட்டணம் ஒரு லட்சம் ரூபாய். இந்த மனுவுக்குச் சிறுதொழில் சலுகை கிடையாது.